இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஓடுகிறீர்களா? எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

ஜனவரி முதல் வாரத்து சென்னை மாரத்தானுக்கு 16 வாரப் பயிற்சி என்றால் செப்டம்பர் நடுவிலாவது தொடங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் காய்ச்சல், கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று பத்துப் பதினைந்து நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: சீட்டாட்டத்தில் போல விட்டதைப் பிடிக்கப் பார்ப்பது. மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் வராது. மூச்சை நம்பி ஓடுகிறவருக்குத்தான் கால் போகிறது.

உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீர்வது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம்

ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ, மயங்கி விழுந்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, பேச்சுக் குழறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, குதிகாலுக்கு மேலே 'பட்' என்று அறுந்த மாதிரி ஓர் உணர்வு: இவற்றில் எது இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நான்குக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். வீங்கிய கெண்டைக்காலைத் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். நீண்ட பயணத்துக்கோ படுக்கைக்கோ பிறகு வரும் அந்த வீக்கம் ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு

எத்தனை நாள் விட்டீர்கள்?

5 நாள் வரை: பழைய தூரமே ஓடலாம். முதல் இரண்டு ஓட்டத்தில் வேகப் பயிற்சி மட்டும் வேண்டாம்.

6 முதல் 28 நாள் வரை: எத்தனை நாள் விட்டீர்களோ அத்தனை நாளைத் திரும்பி வருவதற்கு ஒதுக்குங்கள். அதில் முதல் பாதி பழைய தூரத்தில் பாதி, பின் பாதி முக்கால்.

4 வாரத்துக்கு மேல்: மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று மூன்று படி.

வாரம் 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் 12 நாள் விட்டார் என்று வையுங்கள். 12 நாளை வார அட்டவணைக்குள் அடக்க, இரண்டு வாரமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் 20 கிலோமீட்டர்: செவ்வாய் 4, வியாழன் 5, சனி 4, ஞாயிறு 7. அடுத்த வாரம் 30: செவ்வாய் 7, வியாழன் 8, சனி 5, ஞாயிறு 10. மூன்றாம் வாரம்தான் பழைய 40. விட்டுப்போன கிலோமீட்டரை எங்கேயும் கூட்டிச் சேர்க்கக் கூடாது. அது போனது போனதுதான்.

காய்ச்சலுக்காக நிறுத்தியிருந்தால், பாராசிட்டமால் இல்லாமலே உடம்பு சூடு இறங்கி, சாப்பாடும் தூக்கமும் சீரான பிறகே நாள் எண்ணத் தொடங்குங்கள். அதிலும் முதல் இரண்டு மூன்று நாள் அரை மணி நேர நடை மட்டும். டெங்கு வந்து போனவர்கள் பிளேட்லெட் ஏறிவிட்டது என்பதை ஓட அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அசதி பல வாரம் நீடிப்பது அந்தக் காய்ச்சலின் வழக்கம்.

இந்தக் கணக்கை மீறியிருக்கிறீர்கள் என்றால் அறிகுறி எதுவானாலும் முதல் மருந்து இதுவே: கணக்குக்குள் திரும்பி வந்து ஒரு வாரம் பாருங்கள்.

## அறிகுறி 1: மெதுவாக ஓடினாலே மூச்சு வாங்குகிறது, நாடித்துடிப்பு எகிறுகிறது

### வாட்ச் காட்டும் எண் தப்பா?

நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். வாட்ச் 174 காட்ட, கையில் எண்ணினால் 140 வருகிறதென்றால் வாட்ச் உங்கள் காலடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. வியர்வையில் வாட்ச் நழுவும்போது இது சாதாரணம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால்தான் துடிப்பை நெஞ்சிலேயே அளக்கும் மார்புப் பட்டை வாங்கும் செலவு.

### 'மெதுவாக' என்பது உண்மையிலேயே மெதுவா?

ஆட்டோக்காரருக்கு வீட்டு விலாசத்தை, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது வரை, நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது ஈஸி ரன் இல்லை. செப்டம்பரில் விடிகாலை 5 மணிக்குக்கூட கடற்கரைக் காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். வியர்வை காயாததால் உடம்பு குளிராது. பழைய வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 30 முதல் 60 நொடி குறைத்து ஓடுங்கள். ஏசி அறையிலோ ஊட்டி, கொடைக்கானலிலோ ஓய்வு கழிந்திருந்தால் வெயிலுக்குப் பழகிய உடம்பு அதை மறந்திருக்கும். திரும்பப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போனால் இந்த இரண்டு வாரம் சுலபமாகக் கழியும்.

### தூக்கம், தண்ணீர்

காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், படுத்தபடியே நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட 10 கூடுதலாக இருக்கும் நாளில் ஓட வேண்டாம், நடங்கள்.

### இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தும் குறையவில்லை

ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய நேரம் இது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, தைராய்டு மூன்றும் சேர்த்துக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருப்பது ஓடும் பெண்களிடம் அடிக்கடி காண்பது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தமும் சரி என்று வந்து, துடிப்பு மட்டும் இன்னும் எகிறுகிறதென்றால் இதய மருத்துவரைப் பாருங்கள். அண்மையில் வைரஸ் காய்ச்சலோ கோவிடோ வந்திருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் இதை முதலில் செய்யுங்கள்.

## அறிகுறி 2: கணைக்கால் எலும்பின் உள்பக்கம் வலி

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அதனால் பரிசோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கிற காலை மற்ற முழங்காலின் மேல் போடுங்கள். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, ஒரு விரலகலம் ஒரு விரலகலமாக அழுத்திக்கொண்டே முழங்காலை நோக்கி ஏறுங்கள். வலிக்கிற ஒவ்வொரு இடத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. முடிந்ததும் காலைப் பாருங்கள்.

### புள்ளிகள் நாலு விரல் அகலத்துக்கு மேல் வரிசையாக நீள்கின்றன

ஓட்டக்காரர்கள் 'ஷின்' என்று சொல்லும் சாதாரணக் கணைக்கால் வலி. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

தூரம் திடீரென்று கூடியது. மேலே உள்ள கணக்குக்குத் திரும்புங்கள்.

சாலைச் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சாய்ந்திருக்கும். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) போகும்போதும் வரும்போதும் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தே ஓடுவது பாதுகாப்புக்குச் சரி, ஆனால் எந்நாளும் ஒரே கால் பள்ளத்தில் விழுகிறது. வலி ஒரு காலில் மட்டும் என்றால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு வாரத்துக்கு மெரினா உட்புறச் சாலை, மைதானம் என்று சமதளத்துக்கு மாறுங்கள்.

தரை. பூங்காக்களின் சிமெண்ட், டைல்ஸ் நடைபாதையைவிடத் தார் கொஞ்சம் பரவாயில்லை, மண் இன்னும் நல்லது. உதிரி மணலில் மட்டும் ஓடாதீர்கள். மெத்தென்று இருக்கும், கெண்டைக்காலை வாங்கிவிடும்.

ஷூ. மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, நடுப்பகுதி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தாலோ அது முடிந்துவிட்டது. 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவுக்கு அதற்கு மேல் ஆயுள் எதிர்பார்க்க வேண்டாம். பல மாதம் பெட்டியில் கிடந்த ஷூவின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டிருக்கும்.

ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, நாளுக்கு இரண்டு வேளை படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை 15 தடவை, மூன்று சுற்று செய்யுங்கள். ஓடும்போது வலி 10-க்கு 3-க்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கி, நொண்டாமல் ஓட முடிந்தால் தொடரலாம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீச்சலோ சைக்கிளோ.

### ஒரே ஒரு புள்ளி, நாணயம் அளவு இடத்தில் சுரீர் என்கிறது

எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து உறுதி செய்கிறேன் என்று இறங்காதீர்கள், கீறல் முறிவாகிவிடும். ஓட்டத்தை இன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்த எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே வரும். 'எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல' என்ற தைரியத்தில் மறுபடி ஓடி முழு முறிவு வாங்குவது பழைய கதை. எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். சில ஆயிரம் ஆகும், ஆனால் இந்த இடத்தில் அது வீண் செலவு இல்லை. கீறல் உறுதியானால் இந்த ஜனவரியை மறந்துவிடுவது நல்லது.

## அறிகுறி 3: குதிகாலுக்கு மேலே இறுக்கம், காலையில் முதல் சில நிமிடம் விறைப்பு

குதிகாலிலிருந்து கயிறு போல மேலேறும் தசைநாணை, எலும்புக்கு இரண்டு விரல் மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிப் பாருங்கள். வலித்தாலோ மற்ற காலைவிடத் தடித்திருந்தாலோ கோளாறு 'அக்கிலிஸ்' எனப்படும் இந்தத் தசைநாணில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை. ஓய்வெடுத்ததே டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கா? மருந்துச் சீட்டில் சிப்ரோஃபிளாக்சசின், ஓஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் என்று 'ஃபிளாக்சசின்' என முடியும் பெயர் இருக்கிறதா? இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தும், சில சமயம் மருந்து முடிந்து வாரங்கள் கழித்தும் அறுந்துபோகும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். நீங்களாக மருந்தை நிறுத்தாமல், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள்.

மாத்திரை இல்லை என்றால், ஷூ மாற்றினீர்களா? முன்பாதத்தைவிடக் குதிகால் 10 மில்லிமீட்டர் உயர்ந்திருந்த ஷூவிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு இறங்கினால் சுமை நேராகக் கெண்டைக்காலுக்குப் போகும். பழைய உயரத்துக்கே திரும்புங்கள். மேடில்லாத ஊர் என்பதால் மேம்பாலத்தில் ஏறி இறங்குவதை மலைப் பயிற்சியாக வைத்திருப்பவர்கள் அதை நாலு வாரம் தள்ளிப் போடுங்கள்.

பிறகு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி எண்ணுங்கள். நல்ல காலில் 25, வலிக்கிற காலில் 12 வருகிறது என்றால் வேலை அங்கேதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நிதானமாக, மூன்று நொடி எடுத்து இறக்கும் குதிகால் பயிற்சி. ஓய்வெடுத்தே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஓய்வு இந்தத் தசைநாணை இன்னும் சோம்பேறியாக்கும். ஆறு வாரத்தில் எண்ணிக்கை கூடவில்லை என்றால் பிசியோவிடம் போங்கள்.

## அறிகுறி 4: படுக்கையிலிருந்து இறங்கினால் குதிகால் அடியில் ஆணி குத்துவது போல

ஷூவைப் பற்றி யோசிக்கும் முன் வீட்டுத் தரையைப் பாருங்கள். விடுப்பு நாளெல்லாம் மொசைக்கிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு நடந்திருப்பீர்கள். மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்குள் போட என்றே வையுங்கள். தேய்ந்து தகடான ரப்பர் செருப்பு கணக்கில் வராது. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, பாதத்தின் கீழே 10 நிமிடம் உருட்டுங்கள். எழுந்து நிற்கும் முன் கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து 30 நொடி, மூன்று முறை. இதற்குப் பொறுமைதான் பெரிய மருந்து, மாதக்கணக்கில் இழுக்கும். குதிகாலில் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், இரண்டாவது டாக்டரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி 5: முழங்கால்

### சில்லைச் சுற்றி, படி இறங்கும்போது வலி

தொடை, இடுப்புத் தசைகள் ஓய்வில் தளர்ந்திருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி நிலையில் 30 நொடி, ஐந்து முறை. ஓடும்போது காலடியைச் சின்னதாக்கி, நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக எடுத்து வையுங்கள். சுமை முழங்காலை விட்டு இறங்கும்.

### வெளிப்பக்கம், சரியாக அதே கிலோமீட்டரில் தொடங்குகிறது

ஐடி பேண்ட், அதாவது தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கும் பட்டை. வலி தொடங்கும் தூரம் 6 கிலோமீட்டர் என்றால் 4-இல் நிறுத்துங்கள். வலியோடு மல்லுக்கட்டி 8 ஓடினால் அடுத்த முறை 3-லேயே வரும். சாய்ந்த சாலை, பாலத்து இறக்கம் இரண்டையும் தவிருங்கள்.

### வீங்குகிறது, மடக்கினால் மாட்டிக்கொள்கிறது, நடக்கும்போது நழுவுகிறது

இது பயிற்சியால் தீராது. எலும்பு மருத்துவர்.

எந்த வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்குச் சந்தேகம் இருக்கும்போது ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

## அறிகுறி 6: ஓடி முடித்ததும் தலைவலி, கிறுகிறுப்பு, தசைப்பிடிப்பு

ஒரு நாள் எடை பாருங்கள். ஓடுமுன், ஓடிய பின் இரண்டு முறையும் சிறுநீர் கழித்துவிட்டு, துடைத்துவிட்டு, உடையில்லாமல். 64 கிலோ 62.6 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள், ஓடியது ஒரு மணி நேரம் என்றால் வியர்வை மணிக்கு 1.9 லிட்டர். சென்னையில் இது அதிசயமில்லை.

எடை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா? குடித்த தண்ணீர் போதவில்லை. ஓடும்போது மணிக்கு 500 முதல் 750 மில்லி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை சில மடக்காக. வியர்வை முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட முடியாது, வேண்டியதும் இல்லை.

எடை கூடியிருக்கிறதா? அதிகம் குடித்துவிட்டீர்கள். வெறும் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி இரண்டும் இதிலும் வரும். தண்ணீர் குறைந்ததென்று நினைத்து இன்னும் குடிப்பதுதான் ஆபத்து. வாந்தியும் குழப்பமும் சேர்ந்தால் மருத்துவமனை.

சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். வியர்வையில் அதிகம் போவது சோடியம், இளநீரில் அது குறைவு, பொட்டாசியம்தான் அதிகம். ஒரு பெரிய டம்ளர் மோரில் கால் தேக்கரண்டி உப்பு, அல்லது உப்புப் போட்ட நீராகாரம், அல்லது ஓஆர்எஸ். பாக்கெட்டில் சிறியது 200 மில்லிக்கு, பெரியது 1 லிட்டருக்கு. எவ்வளவு தண்ணீர் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் கரையுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

கூட ஓடுகிறவர் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் வியர்வை நிற்கிறதா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே ஹீட் ஸ்ட்ரோக் வரும். நிழலில் படுக்க வைத்து, கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி, தலையிலிருந்து கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒருவர் ஊற்றட்டும், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

## அறிகுறி 7: வலி இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கால் ஈயக்குண்டாகக் கனக்கிறது

காலண்டரைப் பாருங்கள். புரட்டாசியா? சனிக்கிழமை விரதம் இருந்து ஒரு வேளை சாப்பாட்டோடு படுத்துவிட்டு, ஞாயிறு 4:30 மணிக்கு லாங் ரன்னுக்கு (நீண்ட ஓட்டத்துக்கு) எழுந்தால் காலில் எரிபொருள் ஏது? நீண்ட ஓட்டத்தை அந்த நாலைந்து வாரம் திங்கட்கிழமைக்கோ வியாழனுக்கோ மாற்றுவதே எளிது. மாற்ற முடியாதென்றால் விரதம் முடிக்கும் சாப்பாட்டைச் சோறு கூடுதலாக வைத்து முடித்து, காலையில் வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும். அசைவத்தை விட்டவர்கள் பருப்பு, பனீர், தயிரைக் கூட்டுங்கள். நவராத்திரிச் சுண்டலை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சாப்பாடும் தூக்கமும் சரியாக இருந்து மூன்று ஞாயிறு இப்படியே போனால் அறிகுறி 1-இன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி 8: தொடை இடுக்கில் உரசல், கால் விரலில் கொப்புளம்

மழைக்காலத் தொல்லை. ஓடுமுன் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய், பருத்திக்குப் பதில் செயற்கை இழைக் காலுறை. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறியடியில் வையுங்கள், வெயிலில் காய வைத்தால் பசை போகும். தேங்கிய தண்ணீருக்குள் ஓட வேண்டாம். காயத்தில் தொற்று ஏறுவது ஒரு பக்கம், அடியில் மூடியில்லாத சாக்கடை இருப்பது இன்னொரு பக்கம்.

## டாக்டரிடமோ பிசியோவிடமோ போகும்போது

'கால் வலிக்குது டாக்டர்' என்று மட்டும் சொன்னால் 'ஓடாதீங்க' என்ற பதில்தான் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், வாரம் 40 கிலோமீட்டர் ஓடிட்டிருந்தேன். காய்ச்சலால 12 நாள் நிறுத்தினேன். திரும்ப ஆரம்பிச்சு ஒம்பதாவது நாள் இந்த இடத்துல வலி. நாலாவது கிலோமீட்டர்ல ஆரம்பிக்குது, ராத்திரி இல்ல. இந்த மாத்திரை சாப்பிட்டேன்." கடைசி நாலு வாரம் நாளுக்கு எவ்வளவு ஓடினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். காய்ச்சல் மருந்துச் சீட்டும், தேய்ந்த பழைய ஷூவும் கையோடு இருக்கட்டும். கணைக்காலில் வைத்த பேனாப் புள்ளிகளை அழிக்காமல் போங்கள்.